தேர்வுக் குழுவுக்குப் போன தொண்டை

திங்கள் முதல் வெள்ளி வரை வெல்டா கிட்டன்ஸின் குரலைக் கேட்டவர்களுக்கு அவளை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வரும். தீவின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. காரைக் கொண்டுபோய் மதிலில் மோதிவிட்டு, கொதித்துப்போய் கூப்பிடுகிறவர்கூட அவள் "சொல்லுங்க சார்" என்றதும் தணிந்து, மதில்மேல் முழுத் தப்பும் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவார்.

சனிக்கிழமை அதே தொண்டை வேறு வேலை பார்க்கும். குரோட்டன் ஹில் மைதானத்தில் ஸ்கோர் பலகைக்குக் கீழே ஒரு சிமென்ட் படி உண்டு. அங்கே மெத்தையைப் போட்டு, பக்கத்தில் மீன்வடை வைத்த ரொட்டிப் பொட்டலத்தையும் மாபி என்கிற கசப்பு மரப்பட்டைப் பானத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், மதியச் சாப்பாட்டுக்குள் மைதானத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேரும் ஒருமுறையாவது கூனிக்குறுகிவிடுவார்கள். கட்டை போட்டுக்கொண்டே நிற்கிற மட்டையாளனைப் பார்த்து, "ராசா, அது பந்துடா! உன் மாமியார் இல்ல! எதுக்கு அவ்வளவு மரியாதை?" என்பாள். கைக்கு வந்த கேட்சை ஒருத்தன் நழுவவிட்டால், "சம்பளம் வாங்கறப்பவும் இப்படித்தான் கைய நீட்டுவியா? அப்ப வீட்டுல அடுப்பு எரியாதேப்பா!"

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர்; இரண்டு பேருமே பின்காலை நகர்த்தி ஆடத் தெரியாதவர்கள் என்று அவளே காரணம் சொல்வாள்.

ஆட்டக்காரர்களைத் திட்டுவதெல்லாம் அவளுக்குச் சும்மா தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி. நிஜமான சண்டை தேர்வாளர்களோடுதான். தீவின் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட அணியைத் தேர்ந்தெடுக்கிற மூவரும் ஒவ்வொரு வருடமும் குரோட்டன் ஹில்லுக்கு வந்து, கூடாரத் துணிக்குக் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். தலைவர் டார்ன்லி இயர்வுட், சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தொப்பி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அவருக்கு வலப்பக்கம் பல் மருத்துவர் கிளேர்மான்ட். இடப்பக்கம் பாய்சி ஹஸ்பண்ட்ஸ், ஒரு காலத்தில் பயங்கர வேகப்பந்து வீச்சாளர், இப்போது மத்தியானத்துக்குமேல் பயங்கரத் தூக்கக்காரர்.

"மூணு பேருக்கும் சேர்த்து ஆறு கண்ணுன்னு பேரு! ஒரு லின்டன் கண்ணுல பட மாட்டேங்கறான்!" இது வெல்டாவின் பாட்டு. இரண்டு வருடமாக அதே பாட்டு.

லின்டன் பேய்ன் அவளுக்குச் சொந்தமும் இல்லை, தெருக்காரனும் இல்லை. ஆறடி நான்கங்குலம் உயரம். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு வேகமாக வீசாமல், மணிக்கட்டைச் சுழற்றி லெக் ஸ்பின் போடுகிற பையன். பந்து அவன் கையை விட்டு மேலே போய், யோசித்து, பிறகுதான் கீழே இறங்கும். பதினாறு வயதிலேயே பத்திரிகைக்காரர்கள் 'நம்பிக்கை தரும் இளைஞன்' என்று எழுதினார்கள். பதினேழிலும் அதையே எழுதினார்கள். தேர்வாளர்கள் பட்டியல் வாசிக்கும்போது மட்டும் அவன் பெயர் வரவில்லை.

வெல்டா சொல்வதெல்லாம் பலித்தது என்றும் சொல்ல முடியாது. முன்பு ஒரு தொடக்க ஆட்டக்காரனைத் தலைமேல் தூக்கி வைத்துக் கத்தி, அவனை அணியில் சேர்க்கவும் வைத்தாள். அவன் அந்த வருடம் எடுத்த ஓட்டங்களையெல்லாம் கூட்டினால் ஒரு கிரிக்கெட் அணியின் ஆள்கணக்குத்தான் வந்தது. அதைப் பற்றிக் கேட்டால், "பாவம், பையனுக்கு அந்த வருஷம் பல்வலி" என்று மருத்துவர் கிளேர்மான்ட் தலையில் கட்டிவிடுவாள்.

விஷயம் திரும்பியது ஒரு சிக்ஸரால். தேர்வு ஆட்டம் ஒன்றில் ஒரு பையன் தூக்கி அடித்த பந்து கூடாரத்தைத் தாண்டி இயர்வுட் காரின் முன்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை அவர் காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டார். எடுத்த குரல் விசாரித்தது, ஆறுதல் சொன்னது, கோப்பைத் தேடுகிறவரை பொறுத்திருக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டது.

"உங்க குரலைக் கேட்டாலே மனசுக்கு இதமா இருக்கும்மா" என்றார் இயர்வுட். "யாரு பேசறதுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"வெல்டா கிட்டன்ஸ் சார்" என்றது குரல், அதே இதத்தோடு. "கண்ணாடிய ஒடச்ச பையனையும் நீங்க டீம்ல எடுக்கல போலிருக்கே, சார். கொஞ்சம் லைன்ல இருங்க, குடுக்கறேன்."

இயர்வுட் அன்று இரவு சாப்பிடும்போதே யோசனையை முடித்துவிட்டார். தேர்வாளர்களுக்கு ஒரு விதி இருந்தது: தேர்வாளராக இருக்கும்வரை மைதானத்தில் எந்த ஆட்டக்காரரைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பதவி போயிற்று. குழுவில் நான்காவது நாற்காலி ஒன்று ரொம்ப நாளாகக் காலி. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"மிஸ் கிட்டன்ஸ், எங்க குழுவுல சேர்றீங்களா?"

"என்னை வாயை மூட வைக்கத்தானே, மிஸ்டர் இயர்வுட்?"

"ஆமா."

இவ்வளவு நேராகப் பதில் வரும் என்று வெல்டா எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், உள்ளே போய் உட்கார்ந்து லின்டன் பெயரைத் தன் கையாலேயே எழுதிவிட்டால் கத்த வேண்டிய வேலையே இல்லையே என்றும் தோன்றியது. சரி என்றாள்.

முதல் கூட்டத்துக்குத் தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள். உட்கார்ந்த உடனே ஆரம்பித்தாள். "மொதல் பேரு லின்டன் பேய்ன். மத்த பேரையெல்லாம் நீங்க மெதுவா முடிவு பண்ணுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்சி ஹஸ்பண்ட்ஸ்கூட விழித்திருந்தார். இயர்வுட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டீம் ஆடற போட்டி வருஷத்துக்கு ஒரு தீவுல நடக்கும். போக விமானம் ஏறணும்" என்றார். "லின்டனுக்கு விமானம்னா பயம். வெறும் பயம் இல்ல, பேரைச் சொன்னாலே வேர்த்துக் கொட்டுது. ரெண்டு வருஷமும் பட்டியல் வர்றதுக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து, என்னை எடுக்காதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதான்."

வெல்டா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அப்ப இத வெளிய சொல்லியிருக்கலாமே! ரெண்டு வருஷமா நான் உங்கள..."

"சொல்லியிருந்தா ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும். அப்ப பதினாறு வயசுப் பையன். எங்களப் பார்த்துச் சிரிச்சா எங்களுக்கு என்ன ஆகிடப் போகுது?"

"என் பல்லப் பத்தி நீங்க சொன்னது மட்டும் கொஞ்சம் வலிச்சது" என்றார் கிளேர்மான்ட். "பல் டாக்டருக்கே பல் சரியில்ல, கண் எப்படி சரியா இருக்கும்னு கேட்டீங்க."

வீடு திரும்பும்போது வெல்டாவுக்குப் பேருந்தில் உட்காரவே பிடிக்கவில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் கூடாரத்தைப் பார்த்துச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வந்ததில் சிலதுக்கு அவளுக்கே சிரிப்பும் வந்தது. அதனால் வருத்தம் முழுசாக நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கூடாரத்தில் நான்காவது நாற்காலியில் இருந்தாள். சிமென்ட் படியில் அவளோடு எப்போதும் உட்காருகிற பேருந்து ஓட்டுநர் செஸ்லி அவள் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடம் அவளுக்குப் பின்பாட்டுப் பாடியவன், இப்போது தனியாகக் கச்சேரி ஆரம்பித்தான்.

"ஓ வெல்டா! லின்டன் எங்க? நாற்காலி கெடச்சதும் நாக்கு போயிடுச்சா?"

மைதானம் சிரித்தது. அவள் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பது போலக் கடித்துக்கொண்டாள்.

"அங்க மீன்வடை ஓசியாமே! அதான் வாய் நெறஞ்சிருக்கு!"

பக்கத்தில் கிளேர்மான்ட் ஆட்டத்தை மிகக் கவனமாகப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. "பழகிடும் மிஸ் கிட்டன்ஸ்" என்றார். "எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு."

அவளுக்குப் பழகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை முடிந்ததும் நேராக லின்டன் வீட்டுக்குப் போனாள். அவன் பின்பக்கம் ஆடுகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் லின்டன், விமானம்னா உனக்குப் பயமாடா?"

அவன் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். "மெதுவா மிஸ் வெல்டா! ஆட்டுக்குக்கூடத் தெரியாது."

"இது உனக்குக் கடைசி வருஷம். பத்தொம்பது ஆயிட்டா அப்புறம் இந்த டீம்ல எடமில்ல. எதுக்குடா பயம்?"

"ஏணி மேல ஏறுவேன், தென்னை மரம் ஏறுவேன். அதுல புடிச்சுக்க ஏதாவது இருக்கு. வானத்துல என்ன இருக்கு?"

வெல்டா வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "சரி, கப்பல்?"

லின்டன் புல்லைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். "கப்பல் பரவால்ல. விழுந்தா நீந்திக்கலாம்."

"நீந்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கத்துக்கலாமே."

இந்த வருடப் போட்டி செயின்ட் வின்சென்டில். அங்கே பயணிகள் கப்பல் கிடையாது. ஆனால் பிஸ்கட்டும் சோப்பும் ஏற்றிக்கொண்டு போய், வாழைத்தாரும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு வருகிற சரக்குக் கப்பல்கள் உண்டு. வெல்டா துறைமுகத்தில் விசாரித்து, லேடி ஆர்மின்டா என்ற சின்னக் கப்பலின் கேப்டன் ஒலிவியேரைப் பிடித்தாள். சரக்கோடு சரக்காக ஒரு பையனை ஏற்றிக்கொள்வீர்களா என்று கேட்டாள். அவர் பையனுடைய உயரத்தைக் கேட்டுவிட்டு, "நின்னுக்கிட்டே வரட்டும், பாய்மரத்துக்கு உதவும்" என்றார்.

அணிப் பட்டியலில் லின்டன் பெயர் எழுதப்பட்டது. ஆனால் லின்டன் ஒரு நிபந்தனை போட்டான்: "நீங்களும் கூட வந்தா வரேன், மிஸ் வெல்டா."

தீவில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகியும் வெல்டா கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒரு பையன் பயந்துகொண்டு நிற்கும்போது தானும் பயப்பட முடியுமா? "இதென்ன பெரிய விஷயம்!" என்றாள்.

விடியலில் கப்பல் கிளம்பியது. தீவு கண்ணுக்கு மறையும் முன்பே பெரிய விஷயம் ஆரம்பித்துவிட்டது. வெல்டா பிஸ்கட் பெட்டிகள்மேல் குப்புறப் படுத்தவள் படுத்தவள்தான். லின்டன் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் அவள் தொப்பியுமாக நின்றான்.

"ஆண்டவரே" என்று முனகினாள் வெல்டா, "இயர்வுட்டப் பத்திச் சொன்னதெல்லாம் வாபஸ். பல் டாக்டரப் பத்திச் சொன்னதும் வாபஸ். பாய்சியப் பத்திச் சொன்னதுல பாதி வாபஸ்."

"மீதிப் பாதி?" என்று கேட்டான் லின்டன்.

"அது உண்மைடா. தூங்கத்தானே செய்யறாரு."

அவள் கொஞ்சம் கண்ணயர்ந்ததும் அவன் மெல்ல நழுவினான். அவள் விழித்துப் பார்த்தபோது அவன் மாலுமிகளோடு உட்கார்ந்து உப்புக்கருவாடும் வேகவைத்த வாழைக்காயும் தின்றுகொண்டிருந்தான். மறுபடி விழித்தபோது கேப்டன் பக்கத்தில் நிற்க, சுக்கான் சக்கரம் லின்டன் கையில் இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, அவன் விக்கெட் எடுத்தபோதும் அவள் பார்த்ததில்லை. அப்போது அவளுக்கு இருந்த நிலையில் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

செயின்ட் வின்சென்டில் இறங்கி, தரை ஆடாமல் நிற்பதற்கு ஒரு நாள் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று தெரியவந்தது. அந்த ஊரில் மைதானத்துக்கு அடுத்தாற்போலவே விமான நிலையம். இறங்குகிற விமானம் ஆடுகளத்துக்குப் பக்கத்தில், ஆட்கள் தலையைத் தடவிவிடுவதுபோலத் தாழ்ந்து வரும்.

லின்டனை ஆட்டத்தில் இறக்கினார்கள். முதல் ஓவர், இரண்டாவது பந்து. மூன்றடி ஓடிவந்து கையைத் தூக்கினான். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு விமானம் உறுமிக்கொண்டு வந்தது. லின்டன் ஆறடி நான்கங்குலத்தையும் மடக்கிக் குனிந்தான். பந்து விக்கெட் கீப்பரையும் தாண்டி எல்லைக்கோட்டுக்குப் போயிற்று.

அந்த ஊரிலும் ஒரு தொண்டை இருந்தது. மஞ்சள் சட்டைக்காரன், மரத்தடியில் ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். "ஏய் பார்பேடியன்! ஓடு ஓடு! உன்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போகத்தான் வண்டி வந்திருக்கு!"

ஜனங்கள் உருண்டு சிரித்தார்கள். இரண்டாவது ஓவரில் இன்னொரு விமானம், இன்னொரு குனிதல். "கையத் தூக்குறான் பாரு, ஏத்திக்கச் சொல்லிக் கேக்கறான்!" மூன்றாவது ஓவரில் விமானமே வரவில்லை, ஆனாலும் லின்டன் பந்து போடுவதற்கு முன்னால் வானத்தைப் பார்த்தான். பந்து குட்டையாக விழுந்தது. சிக்ஸர். மஞ்சள் சட்டை எழுந்து நின்று, இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினான்.

தேர்வாளர்களுக்கான வரிசையில் வெல்டாவின் கைக்குட்டை ஓரம் பிரிந்துகொண்டிருந்தது. இயர்வுட் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, "மிஸ் கிட்டன்ஸ், விதி ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள் வெல்டா.

"ஏ மஞ்சச் சட்டை!" நான்கு மாதம் அடைத்துவைத்த குரல். நடுவர் திரும்பிப் பார்த்தார். "அவன் குனியறது விமானத்துக்கு இல்லடா! நீ வாயத் தொறக்கறப்ப அடிக்கிற காத்துக்கு! உங்க ஊர்ல பல் டாக்டர் இல்லேன்னா சொல்லு, எங்கள்ல ஒருத்தர விட்டுட்டுப் போறோம்!"

அந்த ஊர் ஜனங்களே முதலில் சிரித்தார்கள். மஞ்சள் சட்டை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐஸ்பெட்டிமேல் சரிந்தான். அப்படிச் சரிவதிலும் ஒரு ரசனை இருந்தது.

வெல்டா இன்னும் உட்காரவில்லை. "லின்டன்! மேல என்னடா தேடற? ஸ்டம்பு மூணும் தரையிலதான் நட்டிருக்கு!"

லின்டன் திரும்பிப் பார்த்தான். பிஸ்கட் பெட்டிமேல் கிடந்தவளா இது என்று நினைத்தானோ என்னவோ, பல்லைக் காட்டிச் சிரித்தான். அடுத்த பந்து மேலே போயிற்று, யோசித்தது, இறங்கியது. மட்டையாளன் பந்து இல்லாத இடத்தில் மட்டையை வீசினான். நடு ஸ்டம்பு சாய்ந்தது. அதற்குப் பிறகு விமானம் வந்தபோதெல்லாம் அவன் குனியத்தான் குனிந்தான். நிமிர்ந்து வந்து ஒழுங்காக வீசினான். நான்கு விக்கெட். ஆட்டத்தில் என்னவோ தோற்றார்கள், மட்டையாளர்கள் கைவிட்டார்கள்.

சாயங்காலம் இயர்வுட் வந்தார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. அவருக்குத் தலையில் முடி இருப்பதே அன்றுதான் வெல்டாவுக்குத் தெரிந்தது.

"பதவி போச்சு, மிஸ் கிட்டன்ஸ்."

"தெரியும், மிஸ்டர் இயர்வுட். அந்த விதிய எழுதினவருக்குத் தொண்டையே இருந்திருக்காது."

"நான்தான் எழுதினேன்" என்றார் அவர். "இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க ஒரு மாசம் தாங்க மாட்டீங்கன்னு டாக்டர் பந்தயம் கட்டினாரு. நான் போட்டி வரைக்கும் தாங்குவீங்கன்னு சொன்னேன். எனக்கு ஒரு பாட்டில் ரம் வருது. பாதி உங்களுது."

திரும்பிப் போகும்போது பிஸ்கட் கப்பல் வேண்டவே வேண்டாம் என்று வெல்டா விமானம் ஏறினாள். ஏறி, அது தரையை விட்டதும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று லின்டன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். இயர்வுட்டின் கழுத்துப் பட்டி கைக்கு அகப்பட்டது. பிரிட்ஜ்டவுன் வரைக்கும் அதை விடவில்லை. அவர் இறங்கும்போது முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

லின்டன் கப்பலில் திரும்பி வந்தான். வந்தான் என்பதைவிட, கப்பல் வந்தது, அவன் அதில் இருந்தான் என்பதுதான் சரி. அந்த நான்கு விக்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பெரியவர்கள் அணியின் தேர்வாளர்கள் அவனைப் பயிற்சி ஆட்டத்துக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். ஆட்டம் உள்ளூரில்தான், விமானமே தேவையில்லை. ஆள் போன நாளில் லின்டன் கடலில் இருந்தான். அடுத்த முறை போனபோதும் கடலில் இருந்தான். கேப்டன் ஒலிவியேர் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்.

சிமென்ட் படியில் செஸ்லிக்குக் கொண்டாட்டம். "வாழ்நாள்ல ஒரே ஒரு பையனத் தேர்ந்தெடுத்த வெல்டா, அவனையும் கடல்ல தள்ளிட்டு வந்துட்ட!"

அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. லேடி ஆர்மின்டா வருகிற நாள் விசாரித்து, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போய் நின்றாள். லின்டன் தோளில் வாழைத்தாரோடு பலகைமேல் நடந்து இறங்கினான்.

"ஏண்டா, அறிவிருக்கா உனக்கு? உனக்காக நான் தொண்டைய அடைச்சு, வயித்தப் பொரட்டி, பதவிய விட்டு... எல்லாம் நீ வாழைக்காய் தூக்கறதுக்கா?"

லின்டன் தாரை இறக்கி வைத்தான். கோபித்துக்கொள்ளவில்லை. "மிஸ் வெல்டா, பந்து போடறது எனக்குப் புடிக்கும். ஆனா போடப் போறதுக்கு முந்தின ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. எல்லாரும் ஏதோ எதிர்பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இங்க நல்லாத் தூங்கறேன்." பிறகு, "ஞாயித்துக்கெழம செயின்ட் வின்சென்ட்ல, கிங்ஸ்டவுன்ல ஆடறோம். மாலுமிங்க டீம். மஞ்சச் சட்டைக்காரர் வருவாரு. உங்களப் பத்திக் கேட்டாரு" என்றான்.

"என்ன கேட்டான்?"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு."

வெல்டா திட்ட வந்ததில் மீதி எங்கோ போய்விட்டது. "பின்காலை நகர்த்தி ஆடத் தெரியுமான்னு கேளு மொதல்ல" என்றாள்.

அவன் ஒரு முழுத் தாரை அவள் கையில் கொடுத்து அனுப்பினான். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண், "எங்க வாங்கினீங்க, எவ்வளவு?" என்று கேட்டாள்.

"வாங்கல" என்றாள் வெல்டா, தொலைபேசியில் பேசுகிற குரலில். "தேர்வுக் குழுவுல இருந்தேன். சம்பளம்."